பல்லை எடுத்த பின்னும் போகாத வலி
முகத்தில் அடிபட்ட பிறகும் பல் மருத்துவத்துக்குப் பிறகும் வரும் நரம்பு வலியை அறிதலும் ஆற்றுதலும்

பல் வலித்தால் பல்லைக் கவனிக்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் பல்லைக் கவனித்த பிறகும், சில வேளைகளில் பல்லையே எடுத்த பிறகும், அதே இடத்தில் எரிச்சலும் குத்தலும் தொடர்ந்தால் என்ன செய்வது? பக்கத்துப் பல்லையும் எடுத்துவிடுவதா?

மதுரை நகரிலிருந்தும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பகுதிகளிலிருந்தும் நாள்பட்ட முக வலியோடு எங்களிடம் வருபவர்களுள் சிலர், இரண்டு மூன்று பற்களை இழந்த பிறகே வருகிறார்கள். பற்கள் போயின; வலி மட்டும் முதலில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இத்தகையோரில் பலருக்கு நோய் பல்லில் இல்லை. பல்லுக்கும் ஈறுக்கும் உதட்டுக்கும் உணர்வைத் தரும் நரம்பில் இருக்கிறது. அந்த நரம்பு காயப்பட்டதால் வரும் வலியை எவ்வாறு இனங்காண்பது, எப்போது விரைந்து வர வேண்டும், மருத்துவத்தில் எதை எதிர்பார்க்கலாம், வீட்டார் எவ்வாறு உதவலாம் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

எந்த நரம்பு?

முகத்தின் உணர்வுகளை மூளைக்குக் கொண்டு செல்வது ஐந்தாவது மூளை நரம்பு. வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக இருக்கும் இந்நரம்பு ஒவ்வொன்றும் மூன்று கிளைகளாகப் பிரிவதால் இதை முப்பிரிவு நரம்பு என்பர். மருத்துவர்கள் டிரைஜெமினல் நரம்பு என்று குறிப்பிடுவார்கள். முதற்கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும் உரியது. இரண்டாவது கிளை கன்னம், மேலுதடு, மேற்பற்கள் ஆகியவற்றுக்கு உரியது. மூன்றாவது கிளை கீழ்த்தாடை, கீழ்ப்பற்கள், கீழுதடு, மோவாய், நாக்கின் முன்பகுதி ஆகியவற்றுக்கு உரியது.

முகம் ஒருபக்கம் கோணிப்போவது வேறு நோய். அது முகத்தசைகளை அசைக்கும் ஏழாவது நரம்பைச் சார்ந்தது. இரண்டையும் ஒன்றெனக் கருதி, "முகம் கோணவில்லையே, பிறகு நரம்புக் கோளாறு எப்படி?" என்று கேட்போர் உண்டு. ஐந்தாவது நரம்பு காயப்பட்டால் முகத்தின் அமைப்பு மாறுவதில்லை. கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆகவேதான் இந்த வலி பலராலும் நம்பப்படாமல் போகிறது.

நரம்பு எவ்வாறு காயப்படுகிறது?

கீழ்த்தாடை எலும்பினுள் ஒரு குழாய் போன்ற வழி உள்ளது. அதன் வழியே மூன்றாவது கிளையின் முக்கிய நரம்பு செல்கிறது. கீழ்க்கடைவாயின் ஞானப்பல்லுடைய வேர்கள் சிலருக்கு இக்குழாயை ஒட்டியே இருக்கும். அப்பல்லை எடுக்கும்போது நரம்பு நசுங்கலாம், இழுபடலாம். நாக்குக்குச் செல்லும் நரம்பும் அப்பல்லின் உட்புறத்தை ஒட்டிச் செல்வதால் அதுவும் பாதிக்கப்படலாம். செயற்கைப் பல்லுக்காகத் தாடையில் பொருத்தும் இம்ப்ளான்ட் திருகு இக்குழாயைத் தொட்டுவிடலாம். வேர் சிகிச்சையின்போது நிரப்பும் மருந்து வேர் நுனியைத் தாண்டி நரம்புக் குழாய்க்குள் கசியலாம். மரத்துப்போவதற்காகப் போடும் ஊசியின் முனை அரிதாக நரம்பைத் தீண்டலாம்.

இவற்றைக் கேட்டு யாரும் பல் மருத்துவத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஞானப்பல் எடுப்போரில் கீழுதடு நிரந்தரமாக மரத்துப்போவோர் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. சொத்தையையும் சீழையும் கவனிக்காமல் விடுவதால் வரும் தீங்கு இதைவிடப் பெரிது. முறையான எக்ஸ்-ரே எடுத்து, வேர் நரம்பை ஒட்டியிருந்தால் தேவைக்கேற்ப முப்பரிமாண ஸ்கேனும் பார்த்து, அபாயத்தை முன்கூட்டியே சொல்லிச் செய்யப்படும் சிகிச்சையில் இக்காயம் குறைவாகவே நேர்கிறது.

அடுத்தது முகத்தில் படும் அடி. தலைக்கவசமின்றி இருசக்கர வண்டியில் செல்வோர் விழும்போது கன்ன எலும்பும் தாடை எலும்பும் முறிவதை நெடுஞ்சாலைகள் சூழ்ந்த இம்மாவட்டத்தில் அடிக்கடி காண்கிறோம். தை மாதத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களில் மாடு முட்டி முகத்தில் காயம்பட்டு வருவோரும் உண்டு. கன்ன எலும்பு முறிந்தால் அதனூடே செல்லும் இரண்டாவது கிளை நசுங்கி, கீழிமை, மூக்கின் பக்கம், மேலுதடு ஆகியவை மரத்துப்போகும். தாடை எலும்பு முறிந்தால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போகும்.

காயப்பட்ட நரம்பு ஏன் வலிக்கிறது? வயற்காட்டு மோட்டாருக்குச் செல்லும் மின்கம்பியின் மேலுறை உரிந்துவிட்டால், சுவிட்சைப் போடும்போது மட்டுமல்லாமல், ஈரம் பட்டாலும் காற்றில் உரசினாலும் பொறி பறக்கும். காயப்பட்ட நரம்பும் அவ்வாறே தானாகவே மின்துடிப்புகளை எழுப்புகிறது. இது நீண்ட நாள் தொடர்ந்தால் மூளைத்தண்டில் அச்செய்திகளை வாங்கும் பகுதியும் கூர்மை அடைந்து, சிறிய தொடுதலையும் பெரிய வலியாகக் காட்டத் தொடங்கும். அந்நிலையில் பல்லோ ஈறோ நலமாக இருந்தாலும் வலி இருக்கும். இதை உணர்ந்தால், ஒன்றன்பின் ஒன்றாகப் பல் எடுப்பது ஏன் உதவாது என்பது விளங்கும். ஒவ்வொரு பல்லை எடுக்கும்போதும் அதற்குள் செல்லும் நரம்பு இழைகள் புதிதாக அறுபடுகின்றன. உரிந்த கம்பியில் மேலும் ஒரு வெட்டு விழுகிறது.

உங்கள் சொற்களே முதற்சோதனை

இந்நோயைக் கண்டறிவதில் எந்த ஸ்கேனையும்விட நோயாளியின் சொல்லே முதலிடம் பெறுகிறது. நல்வாய்ப்பாக, வலியை வகைப்படுத்தும் சொற்கள் தமிழில் நிறைய உண்டு. "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், எப்படி வலிக்கிறது என்பதை உங்கள் வழக்குச் சொல்லிலேயே சொல்லுங்கள்.

"விண் விண் என்று தெறிக்கிறது", "நாடித் துடிப்போடு சேர்ந்து குத்துகிறது" என்றால் சீழோ அழற்சியோ இருக்கக்கூடும். சூடான காப்பியோ குளிர்ந்த நீரோ பட்டதும் கூசி, ஒரு குறிப்பிட்ட பல்லைத் தட்டினால் வலித்தால் அது பெரும்பாலும் பல்லைச் சார்ந்தது.

"சுரீர் என்று மின்சாரம் பாய்ந்ததுபோல் வந்து, சில நொடிகளில் போய்விடுகிறது, நடுவே ஒன்றுமே இல்லை" என்றால் அது டிரைஜெமினல் நியூரால்ஜியா எனப்படும் வேறொரு நரம்பு வலியாக இருக்கலாம். முகம் கழுவுதல், பல் துலக்குதல், சவரம் செய்தல், ஆடிக்காற்று முகத்தில் படுதல் ஆகியவையே அதைத் தூண்டிவிடும். இதை இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஃபாதர்கில் 1773-இலேயே விவரித்தார். இந்தி நடிகர் சல்மான் கான் 2011-இல் தமக்கு இந்நோய் இருப்பதை வெளிப்படையாகச் சொன்ன பிறகு இப்பெயர் நம் நாட்டில் பலருக்கும் தெரிய வந்தது. பெரும்பாலும் மூளைத்தண்டின் அருகே ஓர் இரத்தக்குழாய் நரம்பை அழுத்துவதால் இது வருகிறது.

"திகுதிகு என்று எரிகிறது", "மிளகாய் பூசியதுபோல் இருக்கிறது", "எறும்பு ஊர்கிறது", "மரத்தும் இருக்கிறது, வலிக்கவும் செய்கிறது", "துண்டு பட்டாலே தாங்க முடியவில்லை" என்றால் காயப்பட்ட நரம்பின் வலியை எண்ண வேண்டும். இவ்வலி நாளின் பெரும்பகுதி இருந்துகொண்டே இருக்கும். இடையிடையே சுரீரென்ற குத்தலும் சேரலாம். மரத்த இடத்திலேயே வலிப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் அந்த முரணே இந்நோயின் அடையாளம். "மரத்துப்போன இடம் எப்படி வலிக்கும்?" என்று யாரேனும் கேட்டால், நரம்புக் காயத்தில் அப்படித்தான் வலிக்கும் என்று உறுதியாகச் சொல்லலாம்.

2020-இல் வெளியான பன்னாட்டு வாய், முக வலி வகைப்பாட்டின்படி, காயம் நேர்ந்த 6 மாதங்களுக்குள் தொடங்கி, 3 மாதங்களுக்கு மேல் நீடித்து, அந்நரம்பின் எல்லைக்குள் உணர்வு மாற்றத்தோடு சேர்ந்து வரும் வலியே இப்பெயரைப் பெறும். ஆனால் மருத்துவரைப் பார்க்க 3 மாதம் காத்திருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை.

முதல் இரண்டு நாட்கள்

பல் மருத்துவத்துக்காகப் போட்ட ஊசியின் மரமரப்பு சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். காலையில் பல் எடுத்தவருக்கு இரவு உணவு நேரத்துக்குள் உதட்டில் உணர்வு திரும்பியிருக்க வேண்டும். மறுநாள் காலையிலும் உதடு, மோவாய், நாக்கு ஆகியவற்றில் மரமரப்போ எரிச்சலோ இருந்தால், அன்றே சிகிச்சை அளித்த பல் மருத்துவரைத் தொடர்பு கொள்ளுங்கள். "போகப் போகச் சரியாகும்" என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

இம்ப்ளான்ட் பொருத்திய பிறகோ, கீழ்த்தாடையில் வேர் சிகிச்சைக்குப் பிறகோ மரமரப்பு நீடித்தால் இது இன்னும் அவசரம். திருகு நரம்பை அழுத்திக்கொண்டிருந்தால், ஓரிரு நாட்களுக்குள் அதை அகற்றுவதே நரம்பு மீள்வதற்கான நல்வாய்ப்பு. கசிந்த மருந்தையும் விரைந்து அகற்ற வேண்டியிருக்கலாம். நாட்கள் கடந்த பிறகு அகற்றினால் அதே பயன் கிட்டுவதில்லை. தேவையெனில் நரம்பின் வீக்கத்தைக் குறைக்கும் மருந்துகளையும் மருத்துவர் இக்கட்டத்திலேயே தொடங்குவார்.

விபத்தில் அடிபட்டவர்களுக்கு இன்னொரு செய்தி. தமிழக அரசு 2021 டிசம்பர் முதல் நடத்திவரும் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலும் பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. உயிர் காக்கும் அவசரத்தில் கன்னத்து மரமரப்பு பின்னுக்குப் போய்விடுவது இயல்பு. ஆகவே உயிருக்கு ஆபத்து நீங்கியதும், "கன்னம் மரத்திருக்கிறது", "உதடு என்னுடையதுபோல் இல்லை" என்று நீங்களோ உடனிருப்பவரோ சொல்லிப் பதிவு செய்ய வையுங்கள். எலும்பைச் சீர்செய்யும் அறுவை மருத்துவருக்கு அக்குறிப்பு பெரிதும் பயன்படும்.

மருத்துவமனையில் எவ்வாறு கண்டறிகிறோம்?

முதலில் பல் மருத்துவர் பார்ப்பார். சொத்தை, விரிசல் விழுந்த பல், வேர் நுனிச் சீழ், தாடை மூட்டுக் கோளாறு, தாடைத் தசைப்பிடிப்பு ஆகியவை இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். பல்லில் உண்மையான நோய் இருந்தால் அதற்குரிய சிகிச்சையைத் தயங்காமல் செய்ய வேண்டும். நரம்பு வலி என்று சொல்லிச் சீழை விட்டுவைப்பதும் தவறே.

அடுத்து உணர்வுச் சோதனை. பஞ்சு இழை, மழுங்கிய ஊசிமுனை, குளிர்ந்த உலோகம் போன்ற எளிய பொருள்களால் முகத்தின் இரு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். கண்ணை மூடிக்கொண்டு, எங்கே உணர்வு குறைகிறது, எங்கே கூசுகிறது என்று நீங்கள் சொல்ல வேண்டும். உணர்வு மாறும் எல்லையைத் தோலில் பேனாவால் வரைந்து படம் எடுத்து வைப்போம். மூன்று மாதம் கழித்து மீண்டும் வரைந்து ஒப்பிட்டால் நரம்பு தேறுகிறதா என்பது தெரியும். காயப்பட்ட நரம்பு இழைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லி மீட்டர் அளவே வளர்கின்றன. எனவே தேறுதலை வாரக்கணக்கில் அல்லாமல் மாதக்கணக்கில் பார்க்க வேண்டும்.

வலியின் அளவை 0 முதல் 10 வரை எண்ணால் கேட்போம். முதியவர்கள் "பதினாறு அணாவில் பன்னிரண்டு அணா வலி" என்று சொன்னாலும் எங்களுக்குப் புரியும். பிறகு எக்ஸ்-ரே, தேவைப்பட்டால் தாடையின் முப்பரிமாண ஸ்கேன். வலி மின்சாரம் பாய்வதுபோல் இருந்தாலோ, தெளிவான காயம் ஏதுமின்றி மரமரப்பு வந்திருந்தாலோ எம்.ஆர்.ஐ. எடுத்து மூளைத்தண்டுப் பகுதியைப் பார்ப்பது இன்றியமையாதது. இரத்தத்தில் சர்க்கரை அளவையும் வைட்டமின் பி12 அளவையும் பார்ப்பதுண்டு. நீண்ட காலம் மெட்ஃபார்மின் உட்கொள்ளும் நீரிழிவு நோயாளிகளுக்கு பி12 குறையக்கூடும்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் வலி பொய்யாகிவிடாது. நரம்பின் நுண்ணிய காயம் பெரும்பாலும் படத்தில் தெரிவதில்லை. "எல்லாம் நார்மல்" என்ற முடிவுக்கு, அறுவை செய்ய வேண்டிய வேறு பெருநோய் இல்லை என்பதே பொருள். வலி இல்லை என்பது பொருளன்று.

மருந்துகளிடம் எதை எதிர்பார்க்கலாம்?

சாதாரண வலி மாத்திரைகள் இவ்வலிக்குப் பெரிதும் உதவுவதில்லை. அவற்றை மாதக்கணக்கில் கடையில் வாங்கி விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். சீழ் இல்லாத இடத்தில் ஆன்டிபயாட்டிக் மருந்துக்கும் வேலை இல்லை.

நரம்பின் மிகைத் துடிப்பை அடக்கும் மருந்துகளே இங்கு பயன்படுகின்றன. அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், டுலாக்செட்டின், காபாபென்டின், பிரிகாபலின் ஆகியவை முதன்மையானவை. இவற்றுள் சில மனச்சோர்வுக்கும் சில வலிப்பு நோய்க்கும் கொடுக்கப்படுபவை. மருந்துச் சீட்டை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "எனக்கு மனநோய் என்று நினைத்துவிட்டார்களா?" என்று வருந்தி மருந்தை நிறுத்திவிடுவோர் உண்டு. அவ்வாறு எண்ண வேண்டாம். நரம்பு வலிக்கு இவை தனிப் பயனுடையவை. பொதுவாகக் குறைந்த அளவில் தொடங்கப்படுபவை.

இவை அன்றே வேலை செய்யா. குறைந்த அளவில் தொடங்கி, சில நாட்களுக்கு ஒருமுறை கூட்டி, நான்கு முதல் எட்டு வாரம் பார்த்த பிறகே பயன் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய இயலும். தொடக்கத்தில் தூக்கக் கலக்கம், தலைச்சுற்றல், வாய் உலர்தல், மலச்சிக்கல் ஆகியவை வரலாம். அந்நாட்களில் வண்டி ஓட்ட வேண்டாம், மதுவைத் தவிர்க்கவும். இதய நோய், கண்ணீர் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், சிறுநீரகக் குறை ஆகியவை இருந்தால் முன்பே சொல்லுங்கள். மருந்தின் வகையும் அளவும் அதற்கேற்ப மாறும். எந்த மருந்தையும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

கார்பமாசெபின் என்ற மருந்து 1962 முதல் டிரைஜெமினல் நியூரால்ஜியாவுக்குப் பயன்பட்டு வருகிறது. அந்நோயில் சிறந்த பலன் தருகிறது. காயப்பட்ட நரம்பின் தொடர் எரிச்சலுக்கு அதே அளவு பலன் தருவதில்லை. ஆசிய மக்களில் சிலரிடம் உள்ள ஒரு மரபணு வகையால் இம்மருந்து கடுமையான தோல் ஒவ்வாமையை உண்டாக்கலாம். தொடங்கிய முதல் சில வாரங்களில் தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவத்தல் ஆகியவற்றுள் எது வந்தாலும் அடுத்த மாத்திரையை விழுங்காமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

வலி ஒரு சிறிய இடத்தில் மட்டும் இருந்தால், மரக்கச் செய்யும் லிக்னோகைன் பட்டையையோ களிம்பையோ அவ்விடத்தில் பயன்படுத்தலாம். "நரம்புச் சத்து மாத்திரை" என்று வாங்கப்படும் வைட்டமின்கள், உடலில் அச்சத்துக் குறைவாக இருப்பவர்களுக்கே பயன் தரும்.

இனி உண்மையைச் சொல்ல வேண்டும். நாள்பட்ட நரம்பு வலியில் வலி பாதியாகக் குறைவதே நல்ல வெற்றி எனக் கருதப்படுகிறது. முற்றிலும் போவோரும் உண்டு; அதை யாருக்கும் முன்கூட்டியே உறுதி கூற இயலாது. இரவில் ஆறு மணி நேரம் உறங்குவதும், இருபுறமும் மென்று உண்பதும், வேலைக்குத் திரும்புவதும் நாம் வைத்துக்கொள்ளும் இலக்குகள். அந்த இலக்குகளைப் பலர் எட்டுகிறார்கள்.

அறுவைச் சிகிச்சை உதவுமா?

நரம்பு முழுதும் அறுபட்டு உணர்வு திரும்பாமலிருந்தால், நுண்ணறுவை மூலம் அதைத் தைத்து இணைக்க முயலலாம். இதற்கு முதல் சில மாதங்களே ஏற்ற காலம். நாள்பட்டு நிலைத்துவிட்ட வலிக்கு இவ்வறுவை பெரும்பாலும் உதவுவதில்லை.

டிரைஜெமினல் நியூரால்ஜியாவுக்கு இரத்தக்குழாயை விலக்கும் அறுவையும், நரம்பைச் சூடேற்றித் தளர்த்தும் முறையும் உண்டு. "என் உறவினருக்கு அதைச் செய்து வலி போய்விட்டது, எனக்கும் செய்யுங்கள்" என்று கேட்போருக்கு நாங்கள் சொல்வது இதுவே: அவர் நோய் வேறு, உங்கள் நோய் வேறு. ஏற்கெனவே காயப்பட்ட நரம்பை மீண்டும் காயப்படுத்தினால் வலி கூடிவிடவும் வாய்ப்புண்டு. ஆகவே நோயின் பெயரைச் சரியாக அறியாமல் எந்த அறுவைக்கும் ஒப்ப வேண்டாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மரத்த உதடும் நாக்கும் சூட்டை உணரா. காப்பி, ரசம், கஞ்சி ஆகியவற்றை நலமுள்ள பக்கத்தால் சூடு பார்த்து அருந்துங்கள். மரத்த கன்னத்தில் வெந்நீர் ஒத்தடமும் தவிடு வறுத்த ஒத்தடமும் கொடுக்க வேண்டாம்; தோல் வெந்துபோவது தெரியாது. கிராம்புத் தைலத்தை ஈறில் ஊற்றுவதும், புகையிலையை அடக்கிக்கொள்வதும் புண்ணையே உண்டாக்கும். சவரம் செய்யும்போது கண்ணாடி பார்த்துச் செய்யுங்கள். உண்ணும்போது உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் மெல்ல உண்ணுங்கள்.

வலிக்கு அஞ்சிப் பல் துலக்குவதை விட்டுவிட்டால் புதிய சொத்தையும் புதிய வலியும் சேரும். மிக மென்மையான தூரிகையும் வெதுவெதுப்பான நீரும் பயன்படுத்துங்கள். மார்கழிப் பனியிலும் ஆடிக்காற்றிலும் வெளியே செல்லும்போது மெல்லிய பருத்தித் துணியால் முகத்தை மூடிக்கொள்ளலாம். தாடையை அசைக்காமலே வைத்திருந்தால் தசைகள் இறுகி வலி கூடும்; இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் மெல்லிய பயிற்சிகளை நாள்தோறும் செய்யுங்கள். நலமான பக்கத்தில் தொடங்கி, மென்துணியால் சிறிது சிறிதாகக் கூசும் இடத்தை நோக்கித் தடவிப் பழக்குவதும் சிலருக்கு உதவுகிறது.

உடனிருப்போருக்கு

வெளியே காயம் தெரியாத வலியோடு வாழ்பவருக்கு வலியைவிடப் பெரிய துன்பம், அதை யாரும் நம்பாதது. "பல்லைப் பிடுங்கி ஆறு மாதமாயிற்று, இன்னுமா?" என்ற கேள்வி அவரை வாய்மூடச் செய்யும். பிறகு அவர் வலியைச் சொல்வதை நிறுத்திவிடுவார்; உண்பதையும் குறைத்துக்கொள்வார். ஆகவே முதல் உதவி, நம்புவது. இரண்டாவது, களி, குழைந்த சோறு, இட்லி போன்று அதிகம் மெல்லத் தேவையில்லாத உணவைத் தயக்கமின்றிக் கேட்கும்படி வைத்துக்கொள்வது. மூன்றாவது, மருந்து கூட்டப்படும் வாரங்களில் தலைச்சுற்றலால் அவர் விழாமல் பார்த்துக்கொள்வது, குறிப்பாக முதியவர்கள் இரவில் எழும்போது.

நீண்ட வலி உறக்கத்தையும் மனத்தையும் அரிக்கும். "இப்படி வாழ்வதைவிட" என்ற பேச்சு வந்தால் அதை வெறும் பேச்சென்று விடாதீர்கள். அவரைத் தனியே விடாமல் எங்களிடம் அழைத்து வாருங்கள். இரவானாலும், தமிழக அரசின் 104 என்ற எண்ணிலும், நாடு தழுவிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணிலும் தமிழிலேயே பேசலாம்.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

பல் மருத்துவமோ அடியோ இல்லாமல் மோவாயோ கன்னமோ மரத்துப்போனால் காலம் தாழ்த்தாதீர்கள். அது தாடையில் மறைந்திருக்கும் கட்டியின் முதல் அறிகுறியாக இருக்கலாம். வெற்றிலையோடு புகையிலை மெல்லும் வழக்கமுள்ளோர், ஆறாத வாய்ப்புண் உள்ளோர், வாய் திறப்பது குறைந்து வருவோர் ஆகியோருக்கு இது இன்னும் முக்கியம்.

முகத்தின் ஒரு பக்கத்தில் எரிச்சலைத் தொடர்ந்து கொப்புளங்கள் வந்தால் அது அக்கி. காவி எழுதிக் காத்திருக்காமல் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் இருந்தால் கண் பார்வைக்கே ஆபத்து நேரலாம்.

காய்ச்சலோடு முகம் வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ இடர்ப்பட்டால், நடக்கும்போதோ படியேறும்போதோ தாடை வலித்து வியர்த்தால், முகம் கோணி, பேச்சுக் குழறி, கை கால் வலுவிழந்தால் 108 எண்ணை அழையுங்கள். அவை முறையே பரவும் சீழ், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் அறிகுறிகளாக இருக்கலாம்.

வரும்போது கொண்டு வர வேண்டியவை

எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் கீழ்க்காண்பவற்றை எடுத்துச் செல்லுங்கள். பல் மருத்துவம் செய்த நாள், எந்தப் பல், என்ன சிகிச்சை என்ற குறிப்பு. பழைய எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்கள் அனைத்தும். இதுவரை உட்கொண்ட மருந்துகளின் அட்டைகள். நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துச் சீட்டுகள். அதோடு இரண்டு வார வலிக் குறிப்பேடு ஒன்று. பள்ளி நோட்டு போதும். நாளுக்கு ஒரு வரி: வலி எவ்வளவு, எப்படிப்பட்டது, எது தூண்டியது, எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள். எழுதத் தெரியாதவருக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் எழுதித் தரலாம்.

உள்ளூர் அரசு மருத்துவமனையில் தொடங்கி, தேவைப்பட்டால் அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குச் செல்லலாம். தனியாரிடம் செல்வோரும் பல் மருத்துவர், நரம்பியல் மருத்துவர் ஆகிய இருவரும் பார்க்குமாறு கேளுங்கள். ஒருவர் மட்டும் பார்த்தால் பாதி நோயே தெரியும்.

அடுத்த பல்லை எடுக்கச் சொன்னால், எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பல்லில் நோய் இருப்பது படத்தில் தெரிகிறதா? வலி நரம்பிலிருந்து வர வாய்ப்பில்லையா?" நல்ல மருத்துவர் எவரும் இக்கேள்விக்குச் சினம் கொள்ளமாட்டார்.